இரண்டாவது கேசட்

அந்த கேசட்டின் அட்டை நீல நிறம். ஜெராக்ஸ் கடையில் எடுத்த தாள். நான்கு பேர் கடற்கரைப் பாறைகள் மேல் நிற்கும் படம், மை பரவி முகங்கள் சரியாகத் தெரியாது. இருநூறு அட்டைகளையும் நானே கத்தரித்து, மடித்து, பெட்டிக்குள் செருகினேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புதுச்சேரியில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒரு கடையில் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு, யாரிடமும் அதிகம் பேசத் தேவையில்லாத அந்த வேலை பிடித்திருந்தது. வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நான் தலை நிமிராமல் வாங்கிக்கொள்வேன்.

படத்தின் நடுவில் நின்றவர்தான் அந்த ராக் குழுவின் பாடகர். ஊரில் அவரை ‘லீடு’ என்பார்கள். நான் லீடு அண்ணன் என்பேன். பகலில் மருந்துக்கடையில் நிற்பார், மாலையில் பாடுவார். கிட்டார் வாசித்தவர் சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தாவால் அந்த வீட்டுக்கு அந்தப் பெயர். அவர்களே தமிழில் பாட்டு எழுதி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார்கள். முதல் கேசட்டை எங்கள் கடைதான் நகலெடுத்து விற்றது. கல்லூரிப் பையன்கள் அதை நாடா அறுந்துபோகும்வரை கேட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, சென்னையில் பதிவு செய்த அடுத்த கேசட்டை லீடு அண்ணன் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். “பத்திரமா வெச்சிக்கம்மா. மூலம் இது ஒண்ணுதான் இருக்கு” என்று சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் மிஷினில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் மூலம் ஓடும், மற்றதில் நகல் பதியும். அந்த வருடங்களில் சினிமாப் பாட்டெல்லாம் சிடியிலிருந்தே பதிந்துவிடுவோம். அதனால் மூலம் ஓடும் அறைக்கு வேலையே இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லி முதலாளி என்னிடம் பொறுப்பு விட்டிருந்தார். மெக்கானிக் கடை சாரம் பகுதியில் இருந்தது. வாசலில் எப்போதும் நாலைந்து ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய்க் கூப்பிட எனக்குக் கூச்சம். ஒருமுறை பாதித் தெரு வரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு போகவே இல்லை. அந்த மிஷினில்தான் இருநூறு நகல்களையும் எடுத்தேன்.

கேசட் வெளியான இரண்டாவது வாரமே பக்கத்து டீக்கடை பெஞ்சில் சண்டை ஆரம்பித்துவிட்டது. தினமும் மாலையில் ஐந்தாறு பையன்கள் உட்கார்ந்து அதையே பேசுவார்கள். என் மேசைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

“மொத கேசட்டு போட்டா எங்க வீட்டு ஜன்னலு அதிரும்டா. இது போட்டா எங்கப்பாவுக்குத் தூக்கம் வருது” என்பான் ஒருவன்.

“லீடுக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல. வூட்ல கொழந்தை தூங்குதுன்னு மெதுவா பாடியிருப்பாரு.”

“இன்னும் கொழந்தையே பொறக்கல, அதுக்குள்ள தாலாட்டு ரெடி.”

கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையன் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான். “அது ஸ்லோ இல்லடா, ஆழம். அவரு வளந்துட்டாரு, நீங்க இன்னும் அங்கியே நிக்கிறீங்க. உனக்குப் புரியலன்னா புரியலன்னு சொல்லு” என்பான். கோபத்தில் அவன் டீ ஆறிப்போகும். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் உள்ளே இருந்து சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் மூலம் ஓடும் அறை அடியோடு நின்றுவிட்டது. முதலாளியே ஆள் அனுப்பி மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மிஷினைத் திறந்து ஒரு ரப்பர் பெல்ட்டை எடுத்து விரலில் மாட்டிக் காட்டினார். அளவு பெரிய வளையல்போல் தொளதொளவென்று தொங்கியது. புது பெல்ட் போட்டு, சோதித்துப் பார்க்க ஒரு கேசட் கேட்டார். கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தேன். அது லீடு அண்ணனின் மூல கேசட். பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸ் துள்ளிக்கொண்டு வந்தது. குரல் மேலே நின்றது, முதல் கேசட்டில் நின்ற அதே இடத்தில்.

“பெல்ட்டு தளந்து ரொம்ப நாளாயிருக்கும். பாட்டெல்லாம் இழுத்து இழுத்து ஓடியிருக்குமே. இதுல எதுனா காப்பி எடுத்தீங்களா?” என்றார் மெக்கானிக்.

“இல்லண்ணே” என்றேன்.

பெஞ்சில் அவர்கள் குறை சொன்னதும், அந்தப் பையன் ஆழம் என்று கொண்டாடியதும் ஒன்றைத்தான். எல்லாரும் என் மிஷினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தது உண்மை. அப்பா வேலை பார்த்த மில் மூடி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, இதைச் சொன்னால் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது.

நாலு நாள் கழித்து லீடு அண்ணன் வந்தார். சட்டைப் பையில் தொண்டைக்காகச் சித்தரத்தைத் துண்டுகள் வைத்திருந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தபடி நின்றார். பெஞ்சில் அன்று யாரும் இல்லை.

“ஸ்டூடியோல கேட்டப்ப நல்லாதாம்மா இருந்துது. நீ குடுத்த காப்பிய வீட்ல போட்டா எனக்கே என்னமோ மாதிரி இருக்கு. நீதான் நாள் பூரா பாட்டு கேக்குற. மறைக்காம சொல்லு, என் குரலு போயிடுச்சா?”

மூல கேசட் என் மேசை இழுப்பறையில் இருந்தது. மிஷின் சரியாக இருந்தது. எடுத்துப் போட்டிருந்தால் போதும், நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். நான் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, “கொஞ்சம் மாறின மாதிரி இருக்குண்ணே” என்றேன். அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. “நீயாவது நேரா சொன்னியே” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வார்த்தையை இன்றுவரை என்னால் முழுங்க முடியவில்லை.

அந்த மாதமே கடற்கரைச் சாலையில் அவர்கள் கச்சேரி நடந்தது. நானும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். புதுப் பாட்டை அவர் அதன் சரியான வேகத்தில்தான் பாடினார். ஆனால் எல்லாரும் கேட்டுப் பழகியது என் நகலை. “நம்ம பேசுனது காதுக்குப் போயிருக்குடா, அதான் பாட்டை வேகமாத் தொரத்துறாரு” என்று எனக்கு முன்னால் ஒருவன் சொன்னான். “பழசு பாடு, பழசு பாடு” என்று கத்தினார்கள். கருவடிக்குப்பத்துப் பையன் மட்டும் கத்தவில்லை. அவனுக்கும் அந்த வேகம் பிடிக்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்தது. லீடு அண்ணன் பாட்டைப் பாதியில் நிறுத்தி, மைக்கைக் கிட்டார்காரர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப்போனார். பிறகு அவர் பாடவில்லை. வேறு பாடகர் கிடைக்காமல் குழுவும் கலைந்தது. மூல கேசட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. கடை மூடும்வரை அது இழுப்பறையிலேயே கிடந்தது.

போன வருடம் அம்மாவின் கண்ணைக் காட்ட, புதுச்சேரியிலேயே கதிர்காமத்துப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஒலிபெருக்கியில் டோக்கன் எண்களைக் கூப்பிடும் குரலை முதல் எண்ணிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். கொஞ்சமும் மாறவில்லை. எங்கள் முறை வந்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். உள்ளே லீடு அண்ணன், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “கேசட் கடைதானே?” என்று சிரித்தார்.

யாரிடமும் அவ்வளவு வேகமாக நான் பேசியதில்லை. “அண்ணே, ரெண்டாவது கேசட்டுல உங்க குரலுக்கு ஒண்ணும் ஆகல. எங்க மிஷின் பெல்ட்டு தளந்து போயிருந்துது. நான்தான் பாக்காம விட்டுட்டேன். எல்லாக் காப்பியும் மெதுவா ஓடிடுச்சு.”

சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்தவர்போல. பிறகு, “உனக்கு எப்ப தெரியும்?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். “நீங்க கடைக்கு வந்து கேட்டீங்களே, அதுக்கு நாலு நாளு முன்னாடி” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தார். அம்மாவின் சீட்டை வாங்கி, முத்திரை குத்தி, “மூணாவது ரூமு” என்று திருப்பிக் கொடுத்தார். நான் பெஞ்சுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். ஒலிபெருக்கி அடுத்த எண்ணைச் சொன்னது.

“என்னா கணீர்னு இருக்கு அந்தாளு குரலு. பாட்டு கீட்டு பாடுவாரா?” என்றாள் அம்மா.

“பாடிக்கிட்டிருந்தாரு” என்றேன்.