கப்டன் வருவாரா?

இரண்டு மாசத்துக்கு முன் லீவில் என் ஊர் கல்முனைக்குடிக்கு வந்தேன். பஸ்ஸால் இறங்கியதுமே கூட்டாளிமார் பிடித்துக்கொண்டார்கள்.

“மச்சான், கப்டனக் கொன்னுராதடா!”

விண்வெளி நாடகம் எழுதித் தயாரிப்பது என் பிழைப்பு. ரேடியோவில் தொடங்கி, டெலிவிஷன் வந்ததும் அதற்குத் தாவியவன். கொழும்பு ஸ்டூடியோவில் அட்டையும் ஈயத்தாளும் ஒட்டி ராக்கெட் விடுவேன்... கதவு மட்டும் அடிக்கடி கழன்று விழும்.

இப்போதைய தொடரில் கப்டன் விண்வெளியில் காணாமல் போயிருந்தார். மிச்சம் கடைசிப் பகுதிதான். தேத்தண்ணிக் கடை, சலூன், என் மனைவி — எல்லோரும் ஒரே பாட்டு. எனக்கும் அவரைக் கொண்டுவரத்தான் எண்ணம். கைதட்டல் யாருக்குக் கசக்கும்?

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுச் சுபைதா தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் தாத்தா என்றால் அக்கா. அவருடைய கணவர் கடலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஆளும் வரவில்லை, தோணியின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ‘இனி இத்தா இருங்க’ என்று மௌலவி எப்போதோ சொல்லிவிட்டார். கணவனை இழந்தவர் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. தாத்தாதான் கேட்கவில்லை.

“தம்பி, அந்தக் கப்டன் வருவாரா?”

“வருவார் தாத்தா. கவலப்படாதீங்க.”

முகம் வாடிப்போனது.

“வேணாம் தம்பி. மௌத்தாகிட்டார், இனி வரமாட்டார் எண்டு தெளிவாச் செல்லிருங்க.”

“ஏன் தாத்தா?”

“அவர்ர பொண்டாட்டி பாவம். எத்தின வருஷத்துக்கு வாசலயே பார்த்துக்கிட்டு இருப்பா? ஒரு ஆள் வந்து மொகத்தப் பார்த்துச் செல்லணும். எனக்குத்தான் ஒருத்தரும் வந்து செல்லல்ல...”

தாத்தாவை அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

கொழும்புக்குப் போய்க் கதையை மாற்றினேன். கப்டனின் கூட்டாளி வீட்டு வாசலுக்கு வருகிறார். “அவர் இனி வரமாட்டார், தங்கச்சி” என்கிறார். இசை கிடையாது. அவள் அப்படியே படியில் உட்காருகிறாள். கெமராவுக்குப் பின்னால் நின்று நான் அழுதேன்.

ஒளிபரப்பான பிறகு ஒரே ஏச்சு! என் மனைவிகூட முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கோ வேறு பயம் — ஆறாத புண்ணைக் கிளறிவிட்டேனோ?

போன வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து தாத்தா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. மகள் எட்டிப் பார்த்தாள்.

“உம்மா வெளிய வரமாட்டா, மாமா. இத்தா இரிக்கா.”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “தம்பியா புள்ள? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் செல்லு.”

வாசற்படியில் இருந்து குடித்தேன். கண்ணீரும் வந்தது, நெஞ்சும் லேசானது.

கப்டனைத் திருப்பிக் கொண்டுவா என்று இன்னும் கடிதம் போடுகிறவர்களே... விட்டுவிடுங்கள். அந்த மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார்!