பதினெட்டாவது படம்

பேய், ஆவி இதையெல்லாம் நான் நம்பியதே இல்லை, இன்றைக்கும் நம்பவில்லை. கல்லறைத் தோட்டத்தைக் குறுக்கு வழியாக வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போன ஆள் நான். நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இரண்டாயிரத்து இரண்டில் ஆபீஸிலிருந்து ஆறு மாத வேலைக்கு என்னை பிரஸ்ஸல்ஸ் அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் பத்து நாள் லீவு போட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன். பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டிலிருந்து அம்மா போனில் அழுதாள். "வரன் பாத்துக்கிட்டு இருக்கற நேரத்துல ஒத்தையா ஊர் சுத்தப் போறேங்கறியே, கேக்கறவங்களுக்கு நான் என்னடி சொல்றது?" அவள் அப்படிக் கேட்டதாலேயே கண்டிப்பாகப் போவது என்று முடிவு செய்தேன்.

அப்படிப் போனதுதான் ப்ரூஜ் என்கிற பழைய ஊர். கால்வாய், கல் பாலம், பெரிய மணிக்கூண்டு. காகிதக் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றுகொண்டே கால் போன போக்கில் நடந்தேன். வறுவல் கடைக்காரரைத் தவிர யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. திருட்டு ஜாஸ்தி என்று ஆபீஸில் பயமுறுத்தியிருந்ததால் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை, யாரிடமும் கொடுத்து என்னை எடுக்கச் சொல்லவும் இல்லை. மத்தியானம் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதுகு சில்லிட்டதா, யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள், ஒன்றும் இல்லை. நம்பினால் நம்புங்கள், என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக ஒரு பகலை நான் கழித்ததில்லை.

பெங்களூர் திரும்பிய இரண்டாம் வாரமே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெளிநாடு போய் வந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அப்போதெல்லாம் காபியோடு ஆல்பமும் வரும். மாஸ்க் ரோடு ஸ்டுடியோவில் ஃபிலிமைக் கொடுத்து, படங்களை வாங்கி ஆல்பத்தில் செருகியது எல்லாம் அம்மாதான். ஆபீஸ் அவசரத்தில் நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "தனியா போனேன்னு சொன்னியேம்மா, அப்ப இது யாரு எடுத்தது?"

எட்டிப் பார்த்தேன். அந்தப் பாலத்துச் சுவரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் கேமரா என் கழுத்திலேயே தொங்குகிறது.

"தெரியல ஆன்ட்டி" என்றேன். வேறென்ன சொல்ல?

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி எடுத்த போட்டோன்னு சொல்லிடுடி. உன் கால்ல வேணா விழறேன்."

"இல்லாத பொண்ணை நான் எதுக்கும்மா சொல்லணும்? நான் தனியாத்தான் போனேன்."

கிளம்பும்போது மாப்பிள்ளை மட்டும் வாசலில் நின்று, மெதுவாக, "பேரை மட்டும் சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

"பேர் இருந்தா சொல்லியிருப்பேங்க."

சம்பந்தம் அதோடு நின்றுபோனது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அதை மறைப்பானேன். ஆனால் செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டு ஒருத்தரைக் கட்டிக்கொள்ள என்னால் முடியாது.

வேறு கேமராவில் யாரோ எடுத்த படம் எப்படியோ கலந்துவிட்டது என்கிறீர்களா? மறுநாளே நெகட்டிவைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் அதை விளக்குப் பெட்டி மேல் வைத்து, லென்ஸால் இரண்டு தடவை பார்த்தார். "வெட்டு இல்ல, ஒட்டு இல்ல மேடம், ஒரே ரோல்தான்" என்றார். பதினேழாவது படம் மணிக்கூண்டு, பத்தொன்பதாவது வாத்துகள், நடுவில் பதினெட்டாவது நான். வேடிக்கை என்னவென்றால், பேய் எடுத்தது என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். நான் தனியாகப் போனேன் என்பதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

படத்தைக் கிழிக்கச் சொன்னாள் அம்மா. நான் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டினேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, வருகிறவர்கள் கேட்கட்டும். அதன் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன், அவ்வளவுதான். அதில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன், எடுக்கிற ஆளின் முகத்தைப் பார்த்து, ரொம்ப நாள் பழகினவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அந்தப் படத்தில் இருக்கிறவளுக்கு அது யாரென்று தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.