மோதிரம் இல்லாத ஆயர்

வண்டியூர் தாண்டி இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்கில், திருவிழாவின் கடைசி நாள் மாலை நாடகம் போடுவோம். கோயிலின் பாதுகாவலரான மறைசாட்சியின் கதை. கிறிஸ்தவர்களை வேட்டையாடும் வேதகலாபனை நடந்த ஒரு தூர தேசத்தில் அவர் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தார். அரசன் கோயில்களைப் பூட்டியபோது ஓடிப்போகாமல், வைக்கோல் வண்டியில் ஒளிந்து ஊர் ஊராகப் போய்ப் பூசை வைத்தார். பிடிபட்டதும், வேதத்தை மறுதலித்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். தலையை வெட்டினார்கள்.

நாடகம் முடிந்ததும் ஆயர் வேடம் போட்டவர் நாற்காலியில் உட்காருவார். ஊரே வரிசையில் வந்து, முழந்தாளிட்டு, அவர் கை மோதிரத்தில் உதடு வைத்து முத்தி செய்யும். அதனால் அந்த வேடம் எப்போதும் மேலத்தெருவுக்கு. கீழத்தெருக்காரர்களான எங்களுக்குச் சேவகர் வேடம். எங்கள் சாதிக்காரன் கையில் அவர்கள் உதடு படக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பதினாறு வருடம் ஆயரை வெட்டியது நான்தான்.

போன வருடம் ஆயர் வேடக்காரருக்கு டெங்கு. "வசனம் வேற யாருக்குத் தெரியும்?" என்று ஃபாதர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு அம்புட்டும் மனப்பாடம் ஃபாதர்" என்றாள் என் மனைவி. "மாட்டுக்குத் தண்ணி காட்டுறப்பெல்லாம் அதுக்கிட்ட பிரசங்கம்தான்."

"மாடு மனந்திரும்பிருச்சா மதினி?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வேடம் எனக்கு வந்தது.

நாடகத்தன்று மாலை, மேலத்தெருக்காரரான திருவிழாக் குழுத் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். "இந்த வருசம் மோதிரம் வேணாம்ப்பா. மேசையில சிலுவைய வச்சிருவோம், அத முத்தி செய்யட்டும். நீயே மைக்குல சொல்லிரு. அப்பத்தான் பேச்சு வராது."

ஃபாதர் பக்கத்தில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்கய்யா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

நன்றாகத்தான் நடித்தேன். "மறுதலிக்க மாட்டேன்" என்றபோது பெண்கள் அழுதார்கள். பத்து நிமிடம் கழித்து அதே வாயால் சிலுவையைப் பற்றி அறிவித்தேன்.

கைகளை அங்கிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மேலத்தெரு வந்தது. எங்கள் தெருவும் வந்தது. எல்லோரும் சிலுவைக்குக் குனிந்து போனார்கள். என் மனைவி மட்டும் சிலுவையைத் தாண்டி வந்து, என் முன்னால் முழந்தாளிட்டாள். என் கைக்காகத் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரி, நகரு" என்றேன். "பின்னால ஆளு நிக்குது."