எஸ்தர் மேயின் பெயர்

எங்கள் ஆட்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது படித்து முடித்துவிட்டு வெளியே வருகிற இடமல்ல. சிட்னியின் டூங்கபியில் யாராவது இரண்டு யாழ்ப்பாணத்தார் முதன்முதலாகச் சந்தித்தால், எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்து எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். பதில் பிடித்திருந்தால் தேத்தண்ணி வரும். பிடிக்காவிட்டாலும் தேத்தண்ணி வரும், ஆனால் பேச்சு காலநிலைக்குத் திரும்பிவிடும். அப்பா பெரிய கல்லூரி ஒன்றின் பழைய மாணவர். பல பள்ளிக்கூடத்தார் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை வைக்கும் ஒன்றுகூடலுக்கு அவர்தான் செயலாளர், அவர்தான் அறிவிப்பாளர், மைக் பழுதானால் மைக்குக்கும் அவர்தான் பொறுப்பு.

அம்மாவின் தம்பிக்கு அந்த ஒன்றுகூடலில் மேசை கிடையாது. மாமா படித்த ஊர்ப் பள்ளிக்கூடம் சண்டையோடு போய்விட்டது. அதற்குப் பதாகை கட்டி மேசை போடுகிற அளவுக்கு சிட்னியில் ஆளும் இல்லை. ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியராக இருந்த அவர், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிரானி பிளாட் என்று கட்டியிருந்த சின்ன வீட்டில் தனியாகக் குடியிருந்தார். ஒன்றுகூடல் அன்று அப்பாவின் கல்லூரி மேசையில் ஓரக் கதிரையில் இருந்து, தனக்குத் தெரியாத கல்லூரி கீதத்துக்கு மரியாதையாக எழும்பி நிற்பார்.

அவர் பட்டம் எடுத்தது அமெரிக்காவின் தெற்கில், கறுப்பின மக்களுக்கென்று அந்த மக்களே தொடங்கிய ஒரு பழைய பல்கலைக்கழகத்தில். அப்பா இதை மற்றவர்களிடம் சொல்லும்போது, "அமெரிக்காவில படிச்சவர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாமா நிறுத்தமாட்டார். கேட்டவர் ஏன் கேட்டோம் என்று நினைக்கும்வரை சொல்வார்.

எனக்கும் தம்பிக்கும் அந்தக் கதை முழுக்கப் பாடம். அடிமைகளாய் இருந்தவர்களுக்கு எழுத்துப் படிப்பதே குற்றமாக இருந்ததாம். விடுதலை வந்ததும் முதல் வேலையாக ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வகுப்பு வைத்தார்களாம். கட்டிடம் கட்டக் காசில்லாமல் மாணவர்களே களிமண் மிதித்துச் செங்கல் சுட்டார்களாம். "பகல்ல இலக்கணம், பின்னேரத்தில சூளை," என்று மாமா சொல்லும்போது ஏதோ தானும் கூடநின்று செங்கல் தூக்கியவர் போலத்தான் இருக்கும். இலையுதிர்காலத்தில் ஒரு வாரம் பழைய மாணவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்புவது போலத் திரும்பி வருவார்களாம். பாண்ட் வாத்தியம் தெருவை அடைத்துக்கொண்டு போகுமாம். கைத்தடியோடு வந்த கிழவர்களும் முரசுச் சத்தம் கேட்டால் ஆடுவார்களாம். இதைச் சொல்லும்போது மாமாவும் கார் கழுவுகிற குழாயைப் பிடித்தபடி ஓர் ஆட்டம் போட்டுக் காட்டுவார். அம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டு, "தண்ணி பில் வரேக்க தெரியும்," என்பார்.

அந்தக் கதைகளில் எங்களுக்குப் பிடித்த ஆள் எஸ்தர் மே. பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரி. மாமா அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒல்லிப் பெடியன், ஒருவரோடும் பேசமாட்டார், சாப்பாட்டில் உறைப்பில்லை என்று வெறும் பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தார். எஸ்தர் மே அதைக் கண்டுவிட்டு, கரண்டியும் கையுமாக அவர் மேசைக்கு வந்து, நீ யாருடைய பிள்ளை, உன்னுடைய ஆட்கள் யார் என்று கேட்டாராம். எங்கள் ஊரில் கேட்கிற அதே கேள்வி. ஆனால் மாமா சொன்ன பதிலில் அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காமலே, அடுத்த நாளிலிருந்து அவருக்கென்று மிளகாய்ச் சோஸ் ஒரு போத்தலைத் தட்டுக்குக் கீழே ஒளித்து வைத்துக் கொடுத்தாராம். ஊரில் சண்டை இறுகிக் கடிதப் போக்குவரத்து நின்றுபோன காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். அந்த வீட்டில் ஒரு மகள் இருந்தாள். மாமாவோடு ஒரே வகுப்பு.

நான் நான்காம் வகுப்புப் படித்த ஆண்டில் எஸ்தர் மே இறந்துபோனார். மாமாவால் போக முடியவில்லை. சில நாள் கார் அழுக்காகவே நின்றது. பிறகு ஒருநாள் எங்களோடு சாப்பிட வந்திருந்தபோது அப்பாவிடம் கேட்டார்.

"அத்தான், ஒன்றுகூடல்ல அகவணக்கம் செய்வியள்தானே. செத்துப்போன பழைய மாணவர், ஆசிரியர் பேரெல்லாம் வாசிக்கேக்க, இந்த ஒரு பேரையும் சேத்து வாசிச்சு விடுங்கோவன். அவவின்ர மகள் மெல்பேர்ணுக்கு நேர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறா. அண்டைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். அவ கேக்கவேணும்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அவ எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருசத்து பட்ச் எண்டு கேப்பினமே."

"என்னை வளர்த்த அம்மா எண்டு சொல்லுங்கோ."

அம்மா கறிக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டார். "எங்களுக்கு அம்மா ஒராள்தான்," என்றார்.

அந்த ஒராள், இடப்பெயர்வின்போது ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலோடு படுத்து இறந்தவர். பக்கத்தில் இருந்தது அம்மா மட்டும். அப்போது மாமா அமெரிக்காவில் இருந்தார், செய்தி அவருக்குப் போய்ச்சேரவே மாதங்கள் ஆயின. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் கறிக் கரண்டிக்கும் என்ன தொடர்பு என்று தெரியாது. மாமா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அக்கா," என்றார். பெரிய மனிதர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் சரி சொல்லிவிடுவது அப்பாவின் குணம். "ஒரு பேர்தானே, அதுக்கென்ன, வாசிச்சு விடுறன்," என்றார்.

எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. மாமாவின் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பெயர் வாசிக்கும்போது சும்மா தலைகுனிந்து நிற்பதில்லையாம். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவது போல இறந்தவரின் பெயரைக் கூப்பிட, இருக்கிறவர்கள் அவருக்காக 'ஹியர்' என்று சத்தமாகப் பதில் சொல்வார்களாம். நானும் தம்பியும் அதைப் பழகினோம். மாமா பிளாட்டுக்குள் இருந்து பெயரைக் கூப்பிடுவார், நாங்கள் வேலியடியில் நின்று கத்துவோம். பக்கத்து வீட்டு நாய் எங்களைவிட நன்றாகப் பழகிவிட்டது.

ஒன்றுகூடல் நாள் காலையில் எஸ்தர் மேயின் மகள், அந்த அன்ரி, வந்து இறங்கினார். உயரமானவர், வாய்விட்டுச் சிரிப்பார். தாயாரின் கைப்பக்குவத்தில் வத்தாளங்கிழங்கை, அதுதான் சர்க்கரைவள்ளிக்கிழங்கை, மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை' என்ற இனிப்பு ஒன்று செய்ய வேண்டும் என்று மாமாவின் சின்னக் குசினியை ஒரு வழி பண்ணினார். கறுவாவும் சாதிக்காயும் மணக்க மணக்க, அந்த மணம் எங்கள் வீடுவரை வந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு, "அங்க என்ன கதைக்கினம்?" என்று மெதுவாகக் கேட்டார். கிழங்கைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்றேன். அம்மா நம்பவில்லை.

அம்மா மட்டுமல்ல, மண்டபத்தில் ஒருவருமே நம்பவில்லை. கல்யாணம் செய்யாத ஒரு மனிதர், இரண்டு பேரும் ஒரே மாதிரிச் செந்நிறப் பல்கலைக்கழகச் சட்டை போட்டபடி, ஒரு கறுப்பினப் பெண்ணோடு வாசலால் வந்தால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? மாமா ஒவ்வொரு மேசையாகக் கூட்டிப்போய், "இவ என்ர தங்கச்சி," என்று அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கைகொடுத்தார்கள். அவர் திரும்பியதும் சிரித்தார்கள். ஓர் அன்ரி அம்மாவின் தோளைத் தொட்டு, "தம்பி கடைசியா ஒரு முடிவு எடுத்திட்டார் போல. தங்கச்சியாம். இதுவும் ஒரு புதுமுறைதான்," என்று சொன்னது எனக்கே கேட்டது. அம்மாவும் சிரித்தார். அது அவருடைய சிரிப்பு இல்லை.

விளக்கேற்றினார்கள். அப்பா மைக்கைத் தட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் அம்மா எழும்பி, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று மேடையடிக்குப் போய், அப்பாவைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டமாட்டார்.

அகவணக்கம் தொடங்கியது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பெயர்கள் வந்தன. அதிபர்கள், கணக்கு வாத்திமார், கிரிக்கெட் கப்டன்மார். மாமா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்ரிக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடியபடி தலையசைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்து வாயைத் தயாராக வைத்திருந்தேன். தம்பி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அப்பா தாளை மடித்தார். "ஒரு நிமிட மௌனம்," என்றார். மௌனமும் முடிந்தது. "நன்றி, எல்லாரும் இருங்கோ," என்றார்.

கதிரைகள் இழுபடுகிற சத்தத்தில் அன்ரி கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மைக் வயரில் ஏதோ சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தார். மாமா அன்ரியிடம் குனிந்து ஏதோ சொல்ல, அவர் மாமாவின் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

சாப்பாட்டு மேசையில் ரோல்ஸும் பற்றீஸும் வந்த வேகத்தில் போயின. நடுவில் அந்தப் பை, மூடிய வெள்ளித்தாளோடு அப்படியே கிடந்தது. அதை என்னவென்று திறந்து பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற மாமா, தட்டைத் தூக்கிக்கொண்டு அன்ரியோடு வெளியே போனார். நானும் தம்பியும் பின்னால் ஓடினோம்.

கார் நிறுத்துகிற இடத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமா பையைத் தன் கார் பொனற்றின் மேல் வைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்பா மறந்துபோனதற்கு எங்கள் வீட்டில் எல்லோர்மேலும் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாகவும் இருந்தது. அதனால் அம்மாவுக்காக நானே சாட்சி சொன்னேன்.

"மாமா, அம்மா ஞாபகப்படுத்தினவ. தொடங்க முதல் அப்பான்ர காதில போய்ச் சொன்னவ, நான் பாத்தனான். அப்பாதான் மறந்திட்டார்."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளித்தாளை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அம்மாவோ போய்ச் சொன்னவ?"

"ஓம். தொடங்குறதுக்குக் கொஞ்சம் முதல்."

"ஓம் பிள்ளை," என்றார் மாமா. "அப்பாதான் மறந்திட்டார்."

பிறகு நேராக நின்று, ஒரு பள்ளிக்கூட இடாப்பை வாசிப்பதுபோல, "எஸ்தர் மே," என்று கூப்பிட்டார். நானும் தம்பியும் உயிரைக் கொடுத்து "ஹியர்" என்று கத்தினோம். அன்ரியும் சொன்னார். அழுதுகொண்டே சிரித்து, எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார். பிளாஸ்டிக் கரண்டியால் பையை வெட்டித் தின்றோம். மண்டபத்துக்குள் நிற்பதைவிட இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. எங்களுக்காகவே நிகழ்ச்சியை வெளியே மாற்றிவிட்டார்கள் என்று தம்பி நினைத்தான். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

எங்களைத் தேடி அம்மா வாசலுக்கு வந்தார். "பிள்ளையள், உள்ள வாங்கோ. சாப்பாடு ஆறுது."

"அக்கா, ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கோவன்," என்றார் மாமா. குரலில் ஒரு கோபமும் இல்லை. ஒரு துண்டைப் பேப்பர்த் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டே நின்றார்.

"எனக்குச் சுகர்," என்றார் அம்மா.

"அம்மாக்குச் சுகர் இல்லையே," என்றான் தம்பி.

அம்மா திரும்பி உள்ளே போனார். மாமா அந்தத் துண்டைத் திரும்பவும் பையின் இடைவெளிக்குள் பொருத்தி வைத்தார்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அன்ரி மெல்பேர்ணுக்குப் போனார், வேலை முடிந்ததும் அமெரிக்காவுக்குப் போய் அங்கே தன் கணவரோடும் பிள்ளைகளோடும் இருக்கிறார். கணவர் ஒருவர் முதலிலேயே இருந்தார். அதை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மாமாவும் மெல்பேர்ணில் வேலை எடுத்து, அங்கேயே கிரெய்கிபர்னில் வீடு வாங்கினார். "போட்டு வாறன் அக்கா," என்றுதான் புறப்பட்டார். பிறந்தநாளுக்குப் போன் எடுப்பார், தைப்பொங்கலுக்கு எடுப்பார், எல்லோரையும் சுகம் விசாரிப்பார். வந்து நிற்கமாட்டார். கிரானி பிளாட்டில் இப்போது நேபாளத்துப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது உண்மையிலேயே சுகர். போன் அடித்தால், "தம்பியோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்.

போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் அந்த மண்டபத்தைத் தாண்டிப் போனோம். எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. "ஒரேயொரு பேரை மறந்திட்டீங்களே அப்பா," என்றேன்.

"நான் எங்க மறந்தனான்," என்றார் அப்பா, சீற் பெல்ற்றைச் சரிசெய்தபடி. "தாளில கடைசிப் பேர் அதுதான். வாசிக்க வேண்டாமெண்டு அம்மாதான் வந்து காதில சொன்னவ. தங்கட அம்மான்ர பேரை ஒரு மண்டபத்திலயும் ஒருத்தரும் வாசிக்கேல்ல, அவவின்ர பேரை மட்டும் ஏன் வாசிக்கவேணுமெண்டு கேட்டவ. அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

சிக்னல் பச்சையாகியும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அம்மாவின்மேல் பழி வரக்கூடாது என்றுதான் அன்று கார் பொனற்றடியில் நின்று அம்மா காதில் சொன்னதைச் சொன்னேன். மாமாவுக்குத் தன்னுடைய அக்காவை என்னைவிட எவ்வளவோ காலமாகத் தெரியும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.