லூட் ஒட்டிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் டைனிங் டேபிள் ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து நாங்கள் ஒருநாளும் சாப்பிட்டது கிடையாது. சுகர் லேண்டில் வீடு வாங்கிய கையோடு அப்பா அதைத் தன் பட்டறையாக்கிக்கொண்டார். உளியும் இழைப்புளியும் மரச்சுருளுமாகக் கிடக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அது டேபிள் இல்லைங்க, ஆபரேஷன் தியேட்டர்" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள்.

அப்பா எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். டெக்சாஸ் வருவதற்கு முன் சில வருடங்கள் தெற்கு ஜெர்மனியில் வேலை பார்த்தார். அங்கே ஆல்ப்ஸ் மலையடியில் ஃபுஸ்ஸன் என்று ஒரு சின்ன ஊர். லூட் என்ற தந்தி வாத்தியம் செய்வதற்குப் பல நூறு வருடங்களாகப் பேர் போன ஊர். கூட வேலை பார்த்த தமிழர்கள் எல்லாம் சனி ஞாயிறுகளில் பாரிஸ் பார்க்கப் போக, இவர் அங்கே ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டு வந்தார். அம்மா இன்னும் பாரிஸ் பார்க்கவில்லை. அது தனிக் கதை.

லூட் என்பது நம் வீணைக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதுகு பாதிப் பூசணிக்காய் மாதிரி இருக்கும். ஆனால் வீணைக் குடத்தைப் போல அதைக் கட்டையில் குடைந்து எடுப்பதில்லை. அப்பளத்தைவிடக் கொஞ்சமே தடிமனான மரத் தகடுகளைச் சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைத்து, ஒரு மர அச்சின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து ஒட்டிக்கொண்டே வர வேண்டும். பிறகு அச்சை எடுத்துவிட்டு, வாயை ஒரு மெல்லிய பலகையால் மூட வேண்டும். அந்த மேல்பலகையை ஒட்டும் நாள்தான் பெரிய நாள். காற்றில் ஈரம் இருந்தால் பலகை அதைக் குடித்து உப்பிக்கொள்ளும். உப்பிய பலகையை ஒட்டினால் பின்னால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். எங்கள் ஊர்க் காற்றோ பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதனால் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று டேபிளுக்கடியில் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம் சித்தி எங்களோடு இருந்தாள். சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவளை வளர்த்து ஆளாக்கினாள். சித்தி ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டராவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அது முடிய இன்னும் சில வருடங்கள் பாக்கி. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவாள், அல்லது ஆரஞ்சுத் தோலைக் கீறித் தையல் போட்டுப் பழகுவாள். எனக்குத் தலை பின்னும்போதுகூட முடிச்சு ஆஸ்பத்திரி முடிச்சாகத்தான் விழும்.

அப்போதுதான் டல்லாஸிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்களைப் போலவே திருநெல்வேலிக் குடும்பம், சுத்த சைவம். மாப்பிள்ளைக்குச் சொந்தக் கம்பெனி. பின்பக்கம் நீச்சல் குளம் வைத்த வீடு. போட்டோவில் அந்தக் குளத்தைப் பார்த்த மாத்திரத்தில் நான் சம்மதம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா போனில், "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு எதுக்குங்க ஆஸ்பத்திரி, நைட் டூட்டின்னு கஷ்டப்படணும்? ராணி மாதிரி வீட்ல இருக்கட்டும்" என்றார்களாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

சித்தி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ சொன்னா சரிக்கா" என்றாள். அம்மா சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கார் எங்கேயும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாவும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தி பேசிக்கொண்டே இருந்தாள், அப்பா நேராகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என்னை விட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடத் திட்டம் போடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

மறுநாள் காலை அப்பா அறிவித்தார்: சனிக்கிழமை மேல்பலகை ஒட்டப் போகிறார். அன்று முழுக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, எதுவும் கொதிக்கக் கூடாது, வாசல் கதவைத் திறக்கவே கூடாது. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சனிக்கிழமைதான் டல்லாஸ்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பஜ்ஜி, கேசரி, காபி இல்லாம பொண்ணு பார்க்கிறதா?"

"வெதர் பார்த்தேன். அன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்."

எனக்கு மட்டும் ஒரு குழப்பம் இருந்தது. அந்த வாரம் தொடக்கத்திலேயே பலகை மேலே உட்கார்ந்து, சுற்றிலும் துணி நாடாவால் கட்டிக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். நாடாவை அவிழ்த்த பிறகு விரலால் தட்டியும் பார்த்தேன், டும் என்றது. "அதான் ஒட்டியாச்சேப்பா?" என்று கேட்டேன்.

"அது சரியா வரல கண்ணு. பிரிச்சு மறுபடி ஒட்டணும்" என்றார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. லூட் மறுபடியும் நாடா சுற்றிக்கொண்டு டேபிளில் கிடந்தது. பக்கத்தில் பசைச் சட்டி வெந்நீருக்குள் சூடாகிக்கொண்டிருந்தது. டல்லாஸ்காரர்கள் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா என்று மூன்று பேராகப் பட்டு வேட்டி, பட்டுப் புடவையில் வந்து இறங்கினார்கள். அப்பா அவர்களை வாசல் வழியாக விடவே இல்லை. கராஜ் கதவைத் தூக்கி, உள்ளே நிற்கவைத்து, இறக்கி மூடிவிட்டு, "ஒவ்வொருத்தரா வாங்க, ஈரக்காத்து கூடவே வந்துடும்" என்று உள்கதவை ஒருக்களித்துத் திறந்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அவரை மட்டும் டேபிளிலிருந்து தள்ளி உட்காரச் சொன்னார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

சித்தி வெளிர்நீலப் புடவையில் வந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கனிவாகவே பேசினார். "எல்லாம் பேசியாச்சு. இந்த மாசமே ஆஸ்பத்திரியில வேலையை விடறதா சொல்லிடும்மா" என்றார். சித்தி தலையாட்டினாள். மடியில் அவள் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

அம்மா ரகசியமாக மாவு கரைத்து வைத்திருந்தாள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியதும் அப்பா எழுந்து போய், வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்தார்.

"என் பலகை வெடிச்சுடும்."

"அந்தச் சட்டியிலேருந்து மட்டும் ஆவி வரலியா?" அம்மா கரண்டியால் பசைச் சட்டியைக் காட்டினாள்.

சங்கடத்தைச் சமாளிக்க நினைத்தோ என்னவோ, மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. "என்னங்க இது, வெல்லப்பாகு மாதிரி இருக்கு?" என்று குனிந்து மோந்து பார்த்தார்.

"மாட்டுத் தோலுங்க" என்றார் அப்பா. "தோல், எலும்பு எல்லாம் போட்டுக் காய்ச்சின பசை. ஜெர்மன்காரங்க இதைத்தான் நம்புவாங்க. இந்த வாத்தியம் முழுக்க இதுதான்."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் பார்வை டேபிளிலிருந்து நாலடி தள்ளியிருந்த பூஜை அலமாரிக்குப் போயிற்று, அங்கிருந்து அம்மாவிடம் வந்தது. அம்மா மரம் மாதிரி நின்றாள். அத்தனை வருடமாக அவளிடம் அதை மரப்பசை என்றுதான் அப்பா சொல்லி வைத்திருந்தார். ஊற்றிக் கொடுத்த ஜூஸ் அப்படியே இருக்க, அவர்கள் எழுந்துவிட்டார்கள். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஒன்பது வயதிலும் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நீச்சல் குளம் போயே போய்விட்டது.

அம்மா சட்டியை வெந்நீரோடு தூக்கிக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். "என் தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று அழுதாள். அப்பா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பல மாதங்கள் அம்மா அவரோடு என் மூலமாகத்தான் பேசினாள்.

பசை காய ஒரு நாள் முழுக்க ஆகும் என்று ஊருக்கே பாடம் நடத்தியவர், அன்று சாயங்காலமே நாடாவையெல்லாம் உருவிப் போட்டார். பலகை அசையாமல் இருந்தது. சித்தி பக்கத்தில் வந்து நின்றாள். திடீரென்று சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீராக வழிந்தது. "தேங்க்ஸ் அத்தான்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் குத்தலாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் நன்றாக நாலு வார்த்தை கேட்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் கேட்காததை நானே கேட்டேன். "உங்களாலதான் சித்தி கல்யாணம் நின்னுபோச்சு."

"ஆமாம்மா, நின்னுபோச்சு" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. இப்படியும் ஒரு மனுஷரா என்றாகிவிட்டது எனக்கு. அன்று அவர் கொடுத்த பாலைக் குடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் சித்திக்கு டூட்டி. விடிந்ததும் பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து ஷூ கட்டினாள். அப்பா காரைக் கிளப்பினார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறினாள். நான் ஜன்னலில் நின்று கையாட்டினேன். பாவம் சித்தி, எங்கள் முன்னால் அழக் கூடாதென்றுதான் பாடுகிறாள், இனி ஆயுசு முழுக்க இப்படி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்து, கார் தெருமுனை திரும்பும்வரை விசும்பி விசும்பி அழுதேன்.