ஐந்தாம் லயம், ஏழாம் வீடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரையும் பெயர் சொல்லித் தேட மாட்டோம். லயத்து வீட்டு எண்தான் ஆளுக்கு அடையாளம். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியான நானும் கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் முகவரிகளை அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தேன். ‘ஐந்தாம் லயம், ஏழாம் வீடு’ என்றால், அங்கே இருந்த கொழுந்து பறிக்கும் அக்காவின் மகளுடைய முகவரி.

அந்த மகள் வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனவள். அண்ணன்மார் தலைமுழுகிவிட்டார்கள். அக்காவுக்கோ எழுத்து வாசனை கிடையாது. ஆபீசுக்கு மாதம் ஒருமுறை வரும் மின்னஞ்சலை நான் வாசிப்பேன். அக்கா சொல்லச் சொல்லப் பதில் அடிப்பேன். தாய்க்கும் மகளுக்கும் வேறு வழியே இல்லை.

அக்கா ரிட்டையராகி மூத்த மகனோடு போனதும் ஏழாம் வீட்டுக்குப் புது ஆள் வந்தான். அவன் முகவரியையும் அதே எண்ணில் போட்டு வைத்தேன். பிறகு ஈரம் ஏறிப் பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொள்ள, புதியது வந்தது. மகளின் கடிதங்களை மேனேஜர் பார்த்தால் வம்பு என்று அவற்றை அழித்தேன். முகவரிதான் இருக்கிறதே என்ற தைரியம். முகவரிகளைப் புதியதற்கு மாற்றும்போது, ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன, புதியதை மட்டும் வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. சனியன் தொலைந்தால் போதுமென்று சரி, சரி என்று அழுத்தித் தள்ளினேன். பழைய கம்ப்யூட்டர் காயலாங்கடைக்குப் போனது.

அடுத்த மாதம் அக்காவைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன்.

“ஐயா, பாப்பாவுக்கு ஒரு கடுதாசி போட்டுருங்க. ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துட்டாப் போதும்.”

“இன்னிக்கே போட்டுர்றேன்லா, அக்கா.”

ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் ஏழாம் வீட்டில் புது ஆளின் முகவரி மட்டும் இருந்தது, மகளுடையது இல்லை. மூத்த மகனிடம் ஓடினேன்.

“அவ எங்களுக்குச் செத்து எத்தனையோ வருசமாச்சு, ஐயா. நம்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் அக்கா கேட்டாள்.

“போட்டாச்சுக்கா. வந்துகிட்டே இருக்கா,” என்றேன், வாய் கூசாமல். பாவி நான். நான்கு நாள் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் மகளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

“ஐயா, டிக்கெட் எடுத்துட்டேன். தீபாவளிக்கு வர்றேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. திடீர்னு போய் நிக்கணும்.”

பதில் எழுதப் பொத்தானை அழுத்தினேன். அவள் முகவரி தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.