டவர் கிடைக்காத ஊர்க்காரர்

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் மேலாளராக நான் இருந்த காலத்தில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. என் மேசைக்கு முன் எவரும் குரலுயர்த்தியதில்லை. தம் தோட்டத்து மிளகுக் கொடிகள் பட்டுப்போனதால் சம்பளத்தை நாடி, கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்கான நேர்காணலுக்கு மாரமங்கலத்திலிருந்து வந்த அந்த நடுவயதுக்காரருக்கும், வழக்கப்படி, "போன்ல சொல்றோம்" என்றே விடைகொடுத்தேன்.

அடுத்த வாரமே வந்து நின்றார். நேர்காணலுக்கு அணிந்த அதே வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். கைபேசியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

"ஏனுங்க, நீங்க போன் போட்டிருப்பீங்க. எங்கூர்ல டவர் கெடைக்கறதில்லீங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"முதலாளி இன்னும் முடிவு சொல்லலை" என்றேன். அது உண்மையே. பிறகு வாரந்தோறும் பஸ் ஏறி வந்து அதையே சொன்னார். "டவர் வந்துட்டாருங்க" என்று அலுவலகத்தார் சிரிப்பார்கள்.

கடைசியில் முதலாளி தம் உறவினரை அமர்த்தினார். மாரமங்கலத்துக்காரர் மறுபடி வந்தபோது அதை நானே தெரிவித்தேன்.

"அப்ப எனக்குப் போனே வரலீங்களா?"

"இல்லை."

அவர் முகம் தெளிந்தது. கண்கள் மட்டும் நிறைந்தன.

"நான் போனை எடுக்காம உட்டுத்தான் வேலை போச்சுன்னு ஊட்ல நொம்ப அழுதாங்க. இனிப் போய்ச் சொல்லிப்போடறனுங்க."

வணங்கிவிட்டுப் போனார். அந்த முகத்தெளிவு எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவர் வேலை கேட்டு எங்களை நச்சரித்தார் என்று எஸ்டேட்டில் சொல்லுகிறார்கள். அது தவறு. அவர் ஒருமுறைகூட வேலை கேட்கவில்லை. நாங்கள் செய்யாத அழைப்புக்கு மன்னிப்புக் கேட்கவே வந்தார்.